குளிரில் மட்டும் அடி மூலை பிளக்கும் 25 லிட்டர் கேன்: டிராப் டெஸ்டில் எங்கே பிழை?

மோல்டிங்மேசை கேட்டது:

வணக்கம். 25 லிட்டர் எச்டிபிஇ (அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன்) ஜெர்ரிகேன். ஊதி வார்த்தது, திருகு மூடி வாய் மட்டும் உள்ள வகை (3எச்1), வெறும் கேன் 1,150 கிராம். 50 விழுக்காடு காஸ்டிக் சோடா கரைசல் நிரப்பப் போகிறோம். ஒப்படர்த்தி (தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு கனம்) 1.52, பேக்கிங் குரூப் 2 (அபாய வகுப்பு: 1 மிக அதிகம், 3 குறைவு). அபாயப் பொருள் கொள்கலனுக்கான யு.என். முத்திரையில் ஒய்1.6 (ஒய் என்றால் குரூப் 2-க்கு ஏற்றது, 1.6 என்பது ஒப்படர்த்தி) வர வேண்டும். சான்றிதழுக்கு அனுப்புமுன் இங்கேயே டிராப் டெஸ்ட் (நிரப்பி உயரத்திலிருந்து போடும் சோதனை) செய்து பார்த்ததில் கிடைத்த முடிவு:

அறை வெப்பநிலையில் ஆறு கேன், 1.6 மீட்டர் உயரம். ஆறும் தப்பின. அடுத்த ஆறு கேனை −20 டிகிரி ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்து எடுத்துப் போட்டோம். அடி மூலையில் விழுந்த மூன்றில் இரண்டு பிளந்தன. அடி ஒட்டுக்கோடு (அச்சு மூடும்போது உருகிய குழாய் நசுங்கி ஒட்டும் கோடு) மூலைக்கு ஏறும் இடத்தில் தொடங்கி 120 மி.மீ. நீளத்துக்குக் கிழிசல். மூடிமேல் விழுந்த மூன்றில் ஒன்று விழுந்த கணத்தில் கொஞ்சம் பீச்சியது, அப்புறம் நின்றுவிட்டது.

ஒவ்வொன்றிலும் 25 லிட்டர் ஊற்றினோம். தண்ணீரில் 30 விழுக்காடு புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த கலவை. எடையை 1,250 கிராமாக ஏற்றினால் போதுமா? ஒப்படர்த்தி 1.52 தானே, 1.5 மீட்டரில் போட்டால் ஆகாதா? பீச்சிய கேன் தோல்விக் கணக்கில் வருமா?

தராசுமுள் எழுதியது:

உயரக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். நிரப்பப்போகும் திரவத்தையே ஊற்றிப் போட்டால் குரூப் 1-க்கு 1.8 மீட்டர், 2-க்கு 1.2, 3-க்கு 0.8. அதற்குப் பதில் தண்ணீர் ஊற்றினால், ஒப்படர்த்தி 1.2 வரை இதே உயரங்கள்தான். 1.2-ஐத் தாண்டினால் ஒப்படர்த்தியை முறையே 1.5, 1.0, 0.67 ஆல் பெருக்கி, வருவதை முதல் தசமத்துக்கு மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும். உங்கள் 1.52 × 1.0 = 1.52, அது 1.6 மீட்டர் ஆகும். 1.5 ஆகாது. முத்திரையில் 1.5 என்று நின்றால் அந்தக் கேனில் 1.52 உள்ள கரைசலை ஊற்றவும் முடியாது. ஆகவே 1.6-ஐ விடாதீர்கள்.

எடை விஷயத்தில் என் கருத்து: ஏற்றுங்கள். 25 லிட்டரில் 1,150 கிராம் என்பது ஒப்படர்த்தி 1.2-க்குச் சரியாக வரும் கனம்; 1.6-க்கு இழுத்துப்பிடித்த கணக்கு. 100 கிராம் கூட்டி மூலைத் தடிப்பை அளந்து பாருங்கள்.

அடிஒட்டு எழுதியது:

எடையைத் தொடுவதற்கு முன் ஒரு நிமிடம். மேலே நண்பர் சொன்ன உயரக் கணக்கு சரி. எடை யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. கிழிசல் ஒட்டுக்கோட்டில் தொடங்கியிருக்கிறது. பாரிசனில் (ஊதுவதற்குமுன் அச்சுக்குள் தொங்கும் உருகிய குழாய்) கூட்டும் 100 கிராமில் பெரும்பகுதி பக்கச்சுவருக்கும் தோளுக்கும் போகும். ஒட்டின் உள்பக்கத்தில் பள்ளம் இருந்தால் 1,250 கிராம் கேனும் அதே இடத்தில்தான் திறக்கும்.

உடைந்த கேனைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதில்தான் விடை இருக்கிறது. கிழிசலின் இரண்டு உதடுகளையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளை வெளுத்து, நூல் நூலாக இழுபட்டு, ஓரம் மெலிந்திருந்தால் பிளாஸ்டிக் நீண்டு கொடுத்துத்தான் கிழிந்திருக்கிறது. அங்கே தடிப்பு போதவில்லை. ஓரம் வழுவழுவென்று, வெளுப்பே இல்லாமல், கண்ணாடி உடைந்தது போல இருந்தால் அது நொறுங்கல். நொறுங்கலில் வரிகள் விசிறி போல விரிந்திருக்கும். விசிறியின் காம்பு எந்தப் பக்கம் காட்டுகிறதோ அங்கே தொடக்கப்புள்ளி. அந்தப் புள்ளி உள்பரப்பில் ஒட்டுப் பள்ளத்தில் இருந்தால் குற்றம் ஒட்டில். சுவரின் நடுவில் ஒரு கரும்புள்ளியோ உருகாத மணியோ இருந்தால் பொருளில். வெளிப்பரப்பில் செதுக்கிய எழுத்தின் கூர் ஓரத்தில் தொடங்கியிருந்தால் அச்சில்.

அடுத்து, உடையாத கேன் ஒன்றின் அடியில் ஒட்டுக்கோட்டுக்குக் குறுக்காகப் புதுப் பிளேடால் 2–3 மி.மீ. தடிப்பில் ஒரு வில்லை அறுத்து எடுங்கள். 10 மடங்கு லென்ஸ் போதும். நல்ல ஒட்டில் உள்பக்கம் தாழ்வான, வழவழப்பான மேடு ஒன்று தெரியும். கெட்ட ஒட்டில் அந்த மேட்டின் நடுவிலோ இரு பக்கமுமோ ஆங்கில வி போல ஒரு வெட்டு இறங்கியிருக்கும். அறை வெப்பநிலையில் அந்த வெட்டின் நுனி இழுபட்டு மழுங்கிவிடும், கேன் தப்பிவிடும். விதி கேட்கும் −18 டிகிரியில் பொருள் விறைத்திருக்கும்போது நுனி மழுங்க நேரம் கிடைக்காது. 1.6 மீட்டரிலிருந்து வரும் கேன் வினாடிக்கு 5.6 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறது. அறை வெப்பநிலையில் ஆறும் தப்பியதை ஒட்டுக்கு நற்சான்றாக எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுதான் காரணம்.

அந்த வெட்டு ஏன் விழுகிறது? பெரும்பாலும் இவற்றில் ஒன்று: அச்சு கடைசிச் சில மில்லிமீட்டரிலும் முழு வேகத்தில் மூடுவது (அங்கே மெதுவாக மூடினால் உருகிய பொருள் உள்நோக்கித் தள்ளப்பட்டு மேடு எழும்பும்), முன்காற்று (முழு ஊதலுக்கு முன் பாரிசனுக்குள் விடும் காற்று) அதிகமாகி ஒட்டு சேர்வதற்குள் இழுத்து மெலிய வைப்பது, பிஞ்ச் விளிம்பு (பாரிசனை நசுக்கி ஒட்டும் அச்சு ஓரம்) கத்தி போலத் தேய்ந்து, பிழியாமல் அறுப்பது, ஃப்ளாஷ் (ஓரத்தில் பிதுங்கும் மிச்சப் பொருள்) தங்கும் பள்ளம் ஆழமாகிப் பொருளை உள்ளே தள்ளாமல் வெளியே ஓடவிடுவது. பாரிசன் தொங்கும் நேரம் கூடி அடிமுனை ஆறிப்போவதும் உண்டு.

குளிர்பெட்டி எழுதியது:

ஒட்டைப் பற்றி மேலே எழுதியதில் கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. ஆனால் கேள்வியில் உள்ள குளிர் சோதனை சோதனையாகவே செல்லாது. அதைச் சரிசெய்யாமல் எந்த மாற்றம் பலித்தது என்று சொல்ல முடியாது.

முதலில் கலவை. 30 விழுக்காடு புரோப்பிலீன் கிளைக்கால் −13, −14 டிகிரி வாக்கிலேயே உறையத் தொடங்கும். −20 ஃப்ரீசரில் அது கஞ்சிப் பதத்தில் பனிக்கட்டித் துகளோடு இருந்திருக்கும். விதி தெளிவாகச் சொல்கிறது: கேனும் உள்ளிருப்பும் −18 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், திரவம் திரவமாகவே இருக்க வேண்டும், தேவைப்பட்டால் உறைதடுப்பான் சேர்க்கலாம். பனிக்கட்டி உருவானால் இரண்டு விதத்திலும் முடிவு கெடும். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருப்பதால் விழுவதற்கு முன்பே கேன் உள்ளிருந்து அழுத்தப்பட்டிருக்கும். இல்லையென்றால் கட்டியே இடியைத் தாங்கிக்கொண்டு, திரவம் மோதிச் சுவரைத் தள்ளும் அந்த அதிர்ச்சி கேனுக்குப் போகாது. பிளந்தது நியாயமாகப் பிளந்ததா என்றும் தெரியாது, தப்பியது நியாயமாகத் தப்பியதா என்றும் தெரியாது.

கனஅளவில் 45 விழுக்காடு போடுங்கள். 40-லேயே −21 வாக்கில் வந்துவிடும், ஆனால் கலக்கும்போது ஆகும் சிறு தவறுக்கும் இடம் வேண்டும். கலவையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் ஒவ்வொரு முறையும் ரிஃப்ராக்டோமீட்டரில் (கிளைக்கால் விழுக்காட்டைக் காட்டும் கருவி) ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். கழுவிய தண்ணீரும் ஈரமும் சேர்ந்து மெல்ல நீர்த்துக்கொண்டே போகும். ஆல்கஹால் கலப்பவர்கள் ஒப்படர்த்தி 0.95-க்குக் கீழே இறங்காமல் பார்க்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால்தான் விதி அதைத் தண்ணீராக எண்ணும்.

இரண்டாவது, நேரம். ஓர் இரவு போதவே போதாது. கணக்குப் போடுங்கள்: ஒரு கேனில் ஏறக்குறைய 27 கிலோ கலவை, வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு 3.6 கிலோஜூல், 30 டிகிரியிலிருந்து −18 வரை 48 டிகிரி இறக்கம். ஒரு கேனுக்கு 4,700 கிலோஜூல், ஆறு கேனுக்கு 28,000. சாதாரணப் பெட்டி ஃப்ரீசர் 200 வாட் வேகத்தில் வெப்பத்தை இழுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 39 மணி நேரம் ஆகும், அதுவும் கேன்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காற்று ஓடினால். ஃப்ரீசர் முகப்பில் தெரியும் −20 காற்றின் வெப்பநிலை. கேனின் வயிற்றில் இருப்பது வேறு. ஏழாவதாக ஒரு கேனை அதே அளவு நிரப்பி, மூடியில் துளையிட்டுத் தெர்மோகப்பிள் கம்பியை நடுமையத்துக்கு இறக்கி, எல்லாக் கேனுக்கும் நடுவில் வையுங்கள். அது −18-ஐத் தொட்ட பிறகுதான் மற்றவற்றை எடுக்க வேண்டும். ஃப்ரீசரை −24-க்கு இறக்கி 72 மணி நேரம் விட்டால் நிம்மதி.

எடுத்த பிறகும் ஓட்டம்தான். திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் சுவர் கொஞ்ச நேரம் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் கழுத்து, மூடி, கைப்பிடி இவற்றுக்குப் பின்னால் காற்றுதான், அதனால் சட்டென்று சூடேறும். மூடிமேல் போடும் மூன்று கேனையும் கடைசியில் வைத்துக்கொண்டு தூக்கு வளையம் மாட்டத் தடுமாறினால், −18-இல் சோதிக்க வேண்டிய மூடியை 5 டிகிரியில் சோதித்திருப்பீர்கள். ஒவ்வொன்றாக எடுங்கள், மூடிமேல் போடுபவற்றை முதலில் முடியுங்கள்.

மூன்றாவது, அளவு. 25 லிட்டர் என்பது பெயரளவு. திரவத்துக்கு விதி கேட்பது அதிகபட்சக் கொள்ளளவில் குறைந்தது 98 விழுக்காடு. கழுத்து விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி எடை பார்த்தால் தெரியும். அது 26.8 லிட்டர் வந்தால் நீங்கள் ஊற்ற வேண்டியது 26.3. உள்ளே 1.8 லிட்டர் காற்று இருப்பதும் அரை லிட்டர் காற்று இருப்பதும் ஒன்றல்ல. காற்று மெத்தை போல இடியை வாங்கிக்கொள்ளும். அது குறையும்போது அழுத்தம் நேராகச் சுவருக்கும் மூடிக்கும் போகும். அறை வெப்பநிலையில் தப்பிய ஆறுக்கும் இந்த மெத்தை உதவியிருக்கிறது.

மோல்டிங்மேசை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வில்லை அறுத்துப் பார்த்தாயிற்று. அடியின் நடுவில் மேடு நன்றாக இருக்கிறது. மூலையை நெருங்க நெருங்க மேடு தணிந்து, கடைசி 40 மி.மீ.-இல் இரு பக்கமும் பள்ளம் தெரிகிறது. அந்த மூலையில் சுவர் 1.1 மி.மீ., எதிர் மூலையில் 1.6. உடைந்த ஓரத்தில் வெளுப்பு இல்லை. ஒரு கேனில் மட்டும் தொடக்கப்புள்ளியில் வெண்ணிறப் புள்ளி ஒன்று இருந்தது. ஃப்ளாஷ் அரைத்த மணி 35 விழுக்காடு கலக்கிறோம். கொள்ளளவு 26.7 லிட்டர் வந்தது.

அடிஒட்டு எழுதியது:

அந்த வெண்புள்ளியைச் சும்மா விடாதீர்கள். உங்கள் மூடி பாலிப்ரோப்பிலீன் என்றால், கழிவுக் கேன்களை மூடியோடு சேர்த்து அரைத்திருக்க வாய்ப்பு அதிகம். பாலிப்ரோப்பிலீன் பாலிஎத்திலீனோடு கலக்காது, தனித் தீவாக நிற்கும். அது கண்ணாடி போல் விறைக்கத் தொடங்குவதே 0 டிகிரியை ஒட்டித்தான், எச்டிபிஇ-க்கு அது −100-க்கும் கீழே. அறையில் எந்தத் தொந்தரவும் தராத துணுக்கு −18-இல் உள்ளே பதிந்த கல் போல வேலை செய்யும். அரவைக்குப் போகும் வழியில் மூடியும் வாஷரும் தனியாகப் போக வேண்டும். முத்திரைக்கான கேனில் வேறு எங்கிருந்தோ வந்த மறுசுழற்சிப் பொருள் சேர்க்கவும் கூடாது. அதே உற்பத்தியில் மிஞ்சிய ஃப்ளாஷும் அரவையும் மட்டும் சரி. தனியாக ஒப்புதல் பெற்ற மறுசுழற்சிப் பிசின் என்றால் அது வேறு வழி.

புதுப் பிசினையும் கலவையையும் 190 டிகிரி, 21.6 கிலோ எடையில் உருகு ஓட்டம் (உருகியபின் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்ற அளவு) பாருங்கள். இரண்டுக்கும் தெளிவான வித்தியாசம் இருந்தால் அரவை அளவுக்கு மீறி வெந்திருக்கிறது.

மூலைத் தடிப்பு 1.1, 1.6 என்று இரண்டு விதமாக இருப்பது பாரிசன் வளைந்து இறங்குவதால். இதற்கு மொத்த எடையை ஏற்றுவது மருந்தல்ல. டையை (பாரிசன் வெளிவரும் வாய்) மையப்படுத்துங்கள், பாரிசன் தடிப்பை மாற்றும் நிரலில் அடிப்பகுதிக்கு உரிய புள்ளிகளை மட்டும் திறங்கள். 1,150 கிராமிலேயே நான்கு அடி மூலையும் 1.5-ஐத் தாண்டும் என்பது என் எதிர்பார்ப்பு.

தராசுமுள் எழுதியது:

தடிப்பு விவரம் வந்தபின் ஒப்புக்கொள்கிறேன், எடையை ஏற்றச் சொன்னது அவசரம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: வார்த்து எடுத்த கேனை 24 மணி நேரம் ஆறவிட்டுப் பிறகு நிரப்புங்கள். அடி ஒட்டுப் பகுதி தடிமன், மெதுவாக ஆறும், அதன் சுருக்கம் முதல் நாளில்தான் பெரும்பகுதி நடந்து முடியும். காலையில் வார்த்து மாலையில் போட்ட கேனின் முடிவை இன்னொரு கேனோடு ஒப்பிட முடியாது.

மூடிமரை எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. விழுந்த கணத்தில் மூடி வழியாகச் சற்றே சிந்தி, அப்புறம் கசிவே இல்லையென்றால் அது தோல்வி அல்ல. ஆனால் 'அப்புறம் இல்லை' என்பதை எப்படிப் பார்த்தீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உள் அழுத்தமும் வெளி அழுத்தமும் சமமான பிறகு கேன் கசியாமல் இருக்க வேண்டும் என்பது அளவுகோல். குளிர்ந்த கேனுக்குள் லேசான வெற்றிடம் இருக்கும். விரிசல் இருந்தாலும் அந்த வெற்றிடம் திரவத்தை உள்ளேயே பிடித்துக்கொள்ளும், பார்ப்பவர் 'காய்ந்திருக்கிறது' என்று எழுதிவிடுவார். விழுந்ததும் அடிபட்ட இடம் கீழே வருமாறு கேனைக் கிடத்தி, மேலே காற்றிருக்கும் இடத்தில் 4 மி.மீ. துளை போடுங்கள். அடியில் வெள்ளைத்தாள். கலவையில் சாயம் கொஞ்சம் கலந்திருந்தால் உறைபனி உருகிய தண்ணீரா, கசிவா என்று குழம்ப வேண்டாம். பத்து நிமிடம் கழித்துத் தாளைப் பாருங்கள். நீங்கள் துளையிட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் தப்பியதாக எழுதிய மற்ற இரண்டு மூடிக் கேனும்கூட முடிவாகவில்லை.

மூடியைத் திருகும் முறுக்கு விசையை எழுதி வைத்திருக்கிறீர்களா? கையால் 'நன்றாக' இறுக்கியது என்பது ஒரு அளவே அல்ல. டார்க் ரெஞ்சால், அறை வெப்பநிலையில், மூடி தயாரிப்பாளர் சொன்ன அளவில் இறுக்கி விட்டுவிடுங்கள். குளிரில் எடுத்தபின் இன்னொரு சுற்று இறுக்குவது சோதனையை ஏமாற்றுவது. நிரப்பும் இடத்தில் யாரும் அப்படிச் செய்யப்போவதில்லை. அதே அளவு முறுக்குத்தான் நிரப்புபவருக்கும் எழுத்தில் போக வேண்டும். மூடிமேல் விழுந்து கசிந்தால் மூன்று இடம் பாருங்கள்: மரை தாவியிருக்கிறதா, வாஷர் குளிரில் விறைத்து விளிம்பைவிட்டு எழும்பியிருக்கிறதா, கழுத்தின் உச்சியில் அச்சுக்கோடு ஒரு மேடாக நிற்கிறதா. மூன்றாவதுதான் அதிகம் தப்பிப்போவது. நகத்தை விளிம்பின்மேல் சுற்றிலும் ஓட்டினாலே தட்டும்.

விழும் கோணத்தையும் சொல்லிவிடுகிறேன். தட்டையாக விழும் விழுச்சி தவிர மற்றவற்றில் புவியீர்ப்பு மையம் மோதும் புள்ளிக்கு நேர்மேலே இருக்க வேண்டும். நிரம்பிய கேனை எதிர் மேல்மூலையிலிருந்து தொங்கவிட்டுத் தூக்குநூல் பிடித்தால் தெரிந்துவிடும். கட்டும் கயிறோ வலையோ மோதும் மூலையைச் சுற்றி வரக் கூடாது. இரண்டு சுற்று நாடாவே மூலைக்குத் தலையணை ஆகிவிடும். தரையில் கிடத்திய இரும்புத் தகடு போதாது. ஐஎஸ்ஓ 2248 கேட்பது: கேனைப்போல் குறைந்தது 50 மடங்கு எடை, எந்த இரு புள்ளிக்கும் மட்டம் 2 மி.மீ.-க்கு மேல் வேறுபடக் கூடாது. தகட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே காற்று இருந்தால் சுத்தியலால் தட்டும்போது பறை போல ஒலிக்கும். அங்கே தகடு வளைந்து கொடுத்துக் கேனைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

குளிர்பெட்டி எழுதியது:

திருத்தியபின் மறுபடி மூன்றும் மூன்றும் போட்டு ஆறும் தப்பினால் உடனே அனுப்பிவிடாதீர்கள். ஐந்தில் ஒன்று உடையும் கேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று போட்டு மூன்றும் தப்பும் வாய்ப்பு 0.8 × 0.8 × 0.8, அதாவது 51 விழுக்காடு. ஆறும் தப்ப 26 விழுக்காடு. அத்தனை மோசமான கேனுக்கே நான்கில் ஒருமுறை சான்றிதழ் கிடைத்துவிடும். உள்ளே மோதுவது காஸ்டிக் அல்ல, கிளைக்கால் தண்ணீர் என்பதால்தான் நாம் இவ்வளவு நிதானமாகப் பேசுகிறோம். லாரியிலிருந்து இறக்கும்போது அது விழுந்து பிளந்தால் பக்கத்தில் நிற்பவரின் கண்ணும் தோலும்தான் சோதனைக்கு உள்ளாகும்.

அதனால் உள்சோதனைக்குப் படிக்கட்டு முறை நல்லது. ஊதி வார்த்த கொள்கலன்களுக்கான ஏஎஸ்டிஎம் டி2463-இல் அது இருக்கிறது. குறைந்தது 20 கேன் எடுங்கள். அடி மூலைக்கு 1.8 மீட்டரில் தொடங்கி, தப்பினால் அடுத்த கேனை 0.2 மீட்டர் கூட்டிப் போடுங்கள், உடைந்தால் 0.2 குறையுங்கள். ஒவ்வொரு கேனையும் ஒரே முறைதான் போட வேண்டும். பாதிக் கேன் உடையும் உயரம் கிடைக்கும். அது 1.6-க்கு அருகில் நின்றால் அந்த வடிவம் தயாராகவில்லை. 2.4 போல் எங்கோ மேலே நின்றால், அச்சிலும் பிசினிலும் வரும் அன்றாட ஏற்ற இறக்கத்துக்கும் தாங்கும். ஒவ்வொரு கேனின் எடையையும் நான்கு மூலைத் தடிப்பையும் போடுவதற்கு முன்பே அதன்மேல் எழுதிவிடுங்கள். உடைந்தபின் அளந்தால் இழுபட்ட தடிப்புத்தான் கிடைக்கும்.

அடிஒட்டு எழுதியது:

இன்னொன்று விடுபட்டிருக்கிறது. புதுக் கேனில் டிராப் டெஸ்ட் தேறுவது பாதி வேலை. பிளாஸ்டிக் டிரம், ஜெர்ரிகேன் இரண்டுக்கும் நிரப்பப்போகும் பொருளோடு ஆறு மாதம் அறை வெப்பநிலையில் வைத்து, அதன்பின் அதே கேன்களைச் சோதிப்பதுதான் அடிப்படை விதி. முதல் 24 மணி நேரமும் கடைசி 24 மணி நேரமும் மூடி கீழே இருக்கும்படி கவிழ்த்து வைக்க வேண்டும். காற்றுத்துளை மூடி என்றால் ஒவ்வொரு முறையும் 5 நிமிடம் மட்டும். ஐரோப்பியச் சாலைப் போக்குவரத்து விதியான ஏடிஆர், பாலிஎத்திலீனுக்கு இதற்குப் பதிலாக நியமத் திரவங்களோடு 40 டிகிரியில் 21 நாள் வைக்க இடம் தருகிறது: நனைப்புக் கரைசல் (சோப்புநீர் போன்றது), அசிட்டிக் அமிலம், பியூட்டைல் அசிட்டேட், ஒயிட் ஸ்பிரிட், 55 விழுக்காடு நைட்ரிக் அமிலம், தண்ணீர்.

ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெடுக்கும். ஒயிட் ஸ்பிரிட் ஊறி மென்மையாக்கும். அப்படிப்பட்ட கேன் டிராப் டெஸ்டைவிட 40 டிகிரியில் 28 நாள் மேலே பாரம் ஏற்றி வைக்கும் அடுக்கு சோதனையில்தான் சாயும். நைட்ரிக் அமிலம் மூலக்கூறுச் சங்கிலியையே அறுக்கும். ஊறிய கேன் −18-இல் புதுக் கேன் தாங்கிய உயரத்தைத் தாங்காது. நனைப்புக் கரைசல் சுவரைக் கரைக்காது, ஆனால் ஏற்கெனவே இழுவிசையில் இருக்கும் இடத்தில் நுண்விரிசலைத் திறந்துவிடும். உங்கள் கேனில் அப்படிப்பட்ட இடம் அந்தக் கடைசி 40 மி.மீ. ஒட்டுப் பள்ளம்தான். பள்ளத்தோடு டிராப் டெஸ்டில் எப்படியோ தேறிவிட்டாலும் மாதக்கணக்கில் அடுக்கி வைக்கும்போது அங்கேதான் ஈரம் கசியும்.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பிஞ்ச் விளிம்பையும் மூடும் வேகத்தையும் சரிசெய்து, வில்லை அறுத்து, மூலை வரைக்கும் மேடு தொடர்கிறதா என்று பாருங்கள். அது வரும்வரை ஒரு கேனையும் ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். பிறகு டை மையம், மூலைத் தடிப்பு, மூடி கலக்காத அரவை. அப்புறம் 45 விழுக்காடு கலவை, 98 விழுக்காடு நிரப்பல், 72 மணி நேரம். ஒரே நாளில் இரண்டு மாற்றம் செய்தால் எது பலித்தது என்று தெரியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் வில்லை ஒன்று அறுத்து, தேதி எழுதி எடுத்து வையுங்கள். விளிம்பைத் தீட்டிய முதல் அறுப்பின் படத்தை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.